தீவுச் சிறுமியரும் மாறிவரும் பருவநிலையும் – ஹட் பே பற்றிய ஓர் ஆய்வு

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 செப்டம்பரில் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், லிட்டில் அந்தமான் தீவின் கீழ்க்கரையில் அமைந்திருக்கிறது ஹட் பே. தீவின் பரப்பு சுமார் 700 சதுர கிலோமீட்டர். படகுத்துறையும் கடைவீதியும் அரசு அலுவலகங்களும் உள்ள இடம் இது ஒன்றே. இதனின்று வடக்கு நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டி, நேதாஜி நகர், ராமகிருஷ்ணபுரம், விவேகானந்தபுரம், ரவீந்திர நகர் முதலிய குடியிருப்புகள் அமைந்துள்ளன. இப்பெயர்களைக் கொண்டே இங்கு வந்து குடியேறியோர் யாவர் என்பதை வாசகர்கள் ஊகித்துவிடலாம். 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களுக்கு இங்கே நிலம் வழங்கப்பட்டது. ஹர்மிந்தர் பே என்னும் பகுதியில் நிக்கோபாரி மக்கள் குடியமர்த்தப்பட்டனர். தமிழரும் தெலுங்கரும் பிறரும் தொழில் தேடி வந்து சேர்ந்தனர். இவர்கள் அனைவருக்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே இத்தீவை இல்லமாகக் கொண்ட ஓங்கே மக்கள், இப்போது டுகாங் கிரீக் பகுதியில் ஒரு சிறு தொகையினராக வாழ்ந்து வருகின்றனர்.

இத்தகைய ஒரு சிறிய இடத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதில் ஒரு நன்மை உண்டு. பருவநிலை மாற்றம் என்பது உலகளாவிய செய்தி. ஆனால் அது ஒரு பெண் குழந்தையின் அன்றாட வாழ்வை எந்த வழியாக வந்து தொடுகிறது என்பதை உலகப் படத்தில் காண முடியாது. கிணறு, படகுத்துறை, பள்ளி, மருத்துவ நிலையம் ஆகிய நான்கும் எண்ணிக்கையில் குறைவாக உள்ள ஒரு தீவில் அது தெளிவாகப் புலப்படும்.

கடல் சூடேறுகிறது

முதலில் சில அளவுகளை நினைவிற் கொள்வோம். மைய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. உலகக் கடல்களின் சராசரி உயர்வு இதே காலத்தில் 0.7 டிகிரி மட்டுமே. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993-க்கும் 2017-க்கும் இடையே ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் ஏறியிருக்கிறது. மில்லிமீட்டர் என்றதும் அலட்சியம் தோன்றக்கூடும். கரையோரக் கிணற்றின் நன்னீருக்கு அடியில் உப்புநீர் நிற்கும் தீவுகளில் சிறிய அளவும் பொருளுடையதே.

2010-ஆம் ஆண்டின் கோடையில் அந்தமான் கடலின் பவளப் பாறைகள் பெருமளவில் வெளிறிப்போயின. பவளம் வெளிறினால் அங்கே அண்டி வாழும் மீன் குறைகிறது. மீன் குறைந்தால் கரையோரக் குடும்பத்தின் உணவும் வருவாயும் குறைகின்றன. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி யார் என்பதே நம் கேள்வி.

இங்கே ஒரு தெளிவு தேவைப்படுகிறது. ஹட் பே என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவது 2004 டிசம்பர் 26-ஆம் நாளின் ஆழிப்பேரலையே. அது சுமத்ராவுக்கு அருகில் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தின் விளைவு. பருவநிலை மாற்றத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் கடல் ஊருக்குள் புகும்போது, குடிநீரும் கூரையும் ஒருங்கே பறிபோகும்போது, பெண் மக்களுக்கு என்ன நேர்கிறது என்பதை நம் காலத்தில் நாம் கண்கூடாகக் கண்டது அந்த ஒரு நிகழ்ச்சியில்தான். புயலும் கடலேற்றமும் கொண்டுவரக்கூடிய இடர்களை மதிப்பிட அந்த அனுபவம் நமக்குப் பாடநூலாக அமைகிறது. அந்த அளவில் மட்டுமே அதனை இக்கட்டுரை பயன்படுத்திக்கொள்கிறது.

குடத்தின் கணக்கு

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது தமிழ்நாட்டின் சராசரி மழையைப் போல் மூன்று மடங்கு. அவ்வாறிருந்தும் பிப்ரவரி முதல் ஏப்ரல் முடிய இத்தீவுகளில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்படுகிறது. காரணம் எளிது. தீவில் நீளமான ஆறுகள் இல்லை. பெய்த மழை சில மணி நேரத்திலேயே கடலைச் சேர்ந்துவிடுகிறது. அதனைத் தடுத்து நிறுத்தி, சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுவது காடு ஒன்றே. குடியேற்றத்திற்காகவும் மரத்தொழிலுக்காகவும் 1970-களில் தொடங்கப்பட்ட செம்பனைத் தோட்டத்திற்காகவும் லிட்டில் அந்தமானின் காட்டில் ஒரு பகுதி அழிந்தது. உச்ச நீதிமன்றம் 2002 மே மாதத்தில் பிறப்பித்த ஆணைக்குப் பிறகே இத்தீவுகளின் காடுகளில் மரம் வெட்டுதல் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. அன்று நல்லெண்ணத்துடன் தீட்டப்பட்ட வளர்ச்சித் திட்டங்கள் நீரின் கணக்கைச் சரிவரப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பருவநிலை மாற்றத்தால் மழை நாட்கள் நெருங்கி, வறண்ட நாட்கள் நீளுமானால், அந்தப் பழைய குறை மேலும் கூர்மையடையும்.

தண்ணீர் தொலைவிலிருந்து வரவேண்டியதாகும்போது அதனைச் சுமப்பவர் யார்? நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளில் தாய். தாய்க்கு உடல்நலமில்லை அல்லது கூலி வேலைக்குச் சென்றுவிட்டாள் என்றால் மூத்த மகள். மூத்த மகன் அல்லன். இதன் பளுவை ஒரு கணக்கின் வாயிலாகப் பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 20 லிட்டர் என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 100 லிட்டர் வேண்டும். ஒரு குடம் 15 லிட்டர் கொள்ளும் எனில் ஏழு நடை. நீர் எடுக்கும் இடம் அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருப்பின் போக வர ஏழு கிலோமீட்டர். அதில் பாதி, 15 கிலோ சுமையுடன். காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்காமலேயே நாளில் இரண்டு மணி நேரம் இதில் கழிகிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அது காலைப் பள்ளி மணிக்கு முந்திய நேரமும் மாலையில் வீட்டுப்பாடத்திற்கு உரிய நேரமும் ஆகும். பள்ளியிலிருந்து அவள் பெயர் நீக்கப்படுவதில்லை. முதலில் தாமதம், அடுத்து வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, பின்னர் தேர்வில் தோல்வி, அதன் பின் "படிப்பு இவளுக்கு வராது" என்ற வீட்டாரின் முடிவு. இதில் எந்தக் கட்டத்திலும் யாரும் எந்தச் சட்டத்தையும் மீறியதாகத் தோன்றாது.

குழாய் இணைப்பு வீட்டிற்கு வந்துவிட்டால் இக்கணக்கு மாறிவிடும் என்பது உண்மையே. ஆனால் குழாய் வேறு, குழாயில் வரும் நீர் வேறு. வறண்ட மாதங்களில் ஓடையே வற்றும்போது குழாய் என் செய்யும்?

உப்பும் இரத்தமும்

நீரின் அளவு போலவே அதன் தன்மையும் பெண்களின் உடலைத் தனியே தாக்குகிறது. வங்காளதேசத்தின் தென்மேற்குக் கரையில் டாக்கோப் என்னும் பகுதியில் நடத்தப்பட்டு 2011-இல் வெளிவந்த ஆய்வு, குடிநீரில் உப்பு மிகுந்த வறண்ட பருவத்தில் கருவுற்ற பெண்களிடம் உயர் இரத்த அழுத்தம் அதிகமாகக் காணப்பட்டதை எடுத்துக்காட்டியது. கரையோரத் தீவுகள் அனைத்திற்கும் இது ஓர் எச்சரிக்கை.

ஊட்டச்சத்தைப் பொறுத்தமட்டில், 2019–21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அதே வயது ஆண்களில் 31 விழுக்காட்டினர். மீன்வரத்தும் காய்கறியும் குறைந்த நாட்களில் வீட்டில் உணவு பங்கிடப்படும் முறையை அறிந்தவர்களுக்கு இந்த இடைவெளி வியப்பளிக்காது. கப்பல் வராத வாரத்தில் ஹட் பே கடைவீதியில் காய்கறியின் விலை ஏறும்போது முதலில் எவர் தட்டில் பங்கு குறையும் என்பதும் விளக்க வேண்டாதது.

கப்பலும் பள்ளியும்

லிட்டில் அந்தமானுக்குச் சாலை வழி கிடையாது. கப்பல், அல்லது ஹெலிகாப்டர். கப்பல் பயணம் ஏழெட்டு மணி நேரமாகும். கடல் கொந்தளிப்பாயின் அதுவும் இல்லை. 2013 நவம்பரில் லெஹர் புயல் போர்ட் பிளேருக்கு அருகே கரையைக் கடந்தது. 2019 ஜனவரியில் பபுக் புயல் அந்தமான் கடலில் நுழைந்தது. இத்தகைய எச்சரிக்கை வரும்போதெல்லாம் தீவுகளுக்கிடையிலான போக்குவரத்து நிறுத்தப்படும். அது உயிர்காக்கும் நடவடிக்கை. அதனைக் குறை கூற இயலாது. ஆனால் கடினமான பிரசவத்திற்கு ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய பெண்ணுக்கும், கல்லூரியில் சேர்வதற்கான நாள் முடியுமுன் போய்ச் சேரவேண்டிய மாணவிக்கும் அந்த நாட்கள் எவ்வாறு அமையும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் எழுத்தறிவு 86.6 விழுக்காடு, பெண்களிடையே 82.4. நாட்டின் சராசரியை நோக்க இது பெருமைக்குரியது. பள்ளிக்கல்வியில் இத்தீவுகள் பின்தங்கியவை அல்ல. இடர் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு தேறியதும் மகனைக் கடல்கடந்து அனுப்பும் பெற்றோர், மகள் என்றதும் தயங்குகின்றனர். கடலின் நிலைமை முன்னறிய முடியாததாக ஆக ஆக அத்தயக்கத்திற்கு ஒரு நியாயமும் கிடைத்துவிடுகிறது. பருவநிலை புதிய ஏற்றத்தாழ்வை உண்டாக்குகிறது என்பதைக் காட்டிலும், இருக்கின்ற ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் கற்பிக்கிறது என்று சொல்வதே பொருந்தும்.

கடலூர் தரும் புள்ளிவிவரம்

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பொன்றில் கடலூர் மாவட்டத்தின் கணக்கு உள்ளது. இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஏன் இந்த வேறுபாடு? ஆண்களில் பலர் ஆழ்கடலில் படகில் இருந்தனர்; அங்கே அலை உயரவில்லை. பெண்கள் மீனை வாங்கக் கரையில் காத்திருந்தனர். குழந்தைகளை இடுப்பில் ஏந்தியவாறு ஓட முடியவில்லை. சேலை காலைச் சுற்றியது. இவற்றோடு மற்றொன்றையும் சேர்க்கவேண்டும்: கடலோரத்தில் பிறந்து வளர்ந்த அந்தப் பெண்களில் பெரும்பாலோர்க்கு நீந்தத் தெரியாது. சிறுவன் அலையில் குதித்து விளையாடினால் அது வீரம். சிறுமி குதித்தால் அடக்கமின்மை. இந்த வழக்கம் உயிரைப் பறித்தது.

புயலிலும் இதே நிலைதான். 1991 ஏப்ரலில் சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் சுமார் 1,40,000 பேர் மாண்டனர். 20 முதல் 44 வயதுள்ளோரில் ஆயிரத்துக்கு 71 பெண்களும் 15 ஆண்களும் இறந்ததாக அப்போது கணக்கிடப்பட்டது. எச்சரிக்கை செய்தி ஆண்கள் கூடும் இடங்களுக்கே சென்றதும், கணவன் வராமல் வீட்டைவிட்டுப் புறப்படக் கூடாது என்ற கட்டுப்பாடும், ஆண்களுடன் ஒரே கட்டடத்தில் தங்க நேருமே என்ற அச்சமும் அதற்குக் காரணமாயின. பின்னாளில் வங்காளதேசம் பெண் தொண்டர்களைக் கொண்டே எச்சரிக்கையைப் பரப்பியும், புகலிடங்களில் பெண்களுக்குத் தனியறை அமைத்தும் இந்த வேறுபாட்டைப் பெரிதும் குறைத்துக்காட்டியது. ஹட் பே குடியிருப்புகளில் வாழும் பல குடும்பங்களின் பூர்வீகம் கிழக்கு வங்காளம் என்பதால், அவர்கள் இந்த அனுபவத்தை அயலாருடையதாகக் கருதமாட்டார்கள்.

இடருக்குப் பின் வரும் இடர்

வெள்ளம் வடிந்த பின்னர் நிகழ்வன செய்தித்தாளில் குறைவாகவே இடம்பெறுகின்றன. தகரக் கூரையும் தகரச் சுவரும் கொண்ட தற்காலிகக் குடில்களில், 2004-க்குப் பின், தமிழ்நாட்டிலும் அந்தமானிலும் மக்கள் நெடுநாள் வாழ நேர்ந்தது. வயதுவந்த பெண்ணுக்கு அங்கே கதவுள்ள குளியலறை இல்லை. மாதவிலக்கு நாட்களில் துணியை அலசி உலர்த்த மறைவான இடமில்லை. தனியே விட்டுச்செல்ல அஞ்சிய பெற்றோர் விரைவில் திருமணம் செய்துவைப்பதைப் பாதுகாப்பாகக் கருதினர். மனைவியை இழந்த, வயதில் மூத்த ஆண்களுக்கு இளம்பெண்கள் மணமுடிக்கப்பட்ட செய்திகள் தமிழகக் கடற்கரையிலிருந்து அப்போது வந்தன. 2009 மே மாதத்தில் அய்லா புயல் சுந்தரவனத்தைச் சிதைத்த பிறகு, உப்பேறிய வயலை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண் குழந்தைகள் வீட்டுவேலைக்கென நகரங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களில் சிலர் கடத்தல்காரர் கையில் சிக்கினர்.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் கட்டித் தரப்பட்ட வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்யும் முறை கையாளப்பட்டது. தாயின் பெயர் பத்திரத்தில் இருக்கும் வீட்டில் மகளின் நிலையும் சற்று உறுதிப்படுகிறது.

ஓங்கே சிறுமியர்

1901-இல் ஏறத்தாழ 670 ஆக இருந்த ஓங்கே மக்களின் தொகை 2011-இல் 101. 2004-இல் கடல் பின்வாங்கியதைக் கண்டதும் இவர்கள் மேட்டுநிலத்திற்கு ஏறித் தப்பினர். மூத்தோர் வழிவந்த அறிவு அவர்களைக் காத்தது. இந்தச் சமூகத்தில் ஒரு சிறுமியின் உரிமையைப் பள்ளி வருகையைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. தேன், கிழங்கு, ஆமை, மீன் ஆகியவற்றைத் தரும் காடும் கடலும் அவளுக்குரிய உணவும் கல்வியும் ஆகும். எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்ற அறிவைத் தாயிடமிருந்து அவள் பெறுகிறாள். பருவங்கள் தடம் மாறினால், தாய் கற்பிப்பது பொருந்தாமற் போகும். இழப்பீட்டுத் தொகையால் ஈடுகட்ட முடியாத இழப்பு அது.

இத்தீவின் தெற்கு, மேற்குக் கடற்கரைகளில் தோணியாமைகள் முட்டையிடுகின்றன. மணலின் சூடு ஏறினால் அம்முட்டைகளிலிருந்து பெரும்பாலும் பெண் குஞ்சுகளே வெளிவரும் என்பது அறிவியல் உண்மை. ஆமைக் கூட்டில் பெண் பெருகினாலும் இனம் தழைக்காது என்பது வேறு செய்தி.

உரிமை எனும் சொல்

1989-இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. உயிர்வாழ்வு, நலவாழ்வு, கல்வி, பாதுகாப்பு, கருத்துரைக்கும் வாய்ப்பு ஆகியவை அதில் அடங்கும். மேலே கண்ட குடமும் கப்பலும் குடிலும் இந்த ஒவ்வொன்றையும் தொடுகின்றன. 2023-இல் அவ்வுடன்படிக்கைக்கான குழு தனது 26-ஆவது பொது விளக்கவுரையில், பருவநிலை மாற்றத்திலிருந்து குழந்தைகளைக் காப்பது அரசுகளின் கடமை என்று விரிவாகக் கூறியது.

இதற்கு முன்னரே வழக்காடியவள் ஒரு சிறுமி. உத்தரகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே 2017-இல், தன் ஒன்பதாம் வயதில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகினார். 2019-இல் அம்மனு தள்ளுபடியாயிற்று. அதே ஆண்டில் அவரும் வேறு 15 சிறாரும் ஐ.நா. குழுவிடம் முறையிட்டனர். அவர்களுள் மார்ஷல் தீவுகளையும் பலாவையும் சேர்ந்த தீவுவாசிகளும் இருந்தனர். உள்நாட்டு நீதிமன்றங்களை முதலில் நாடவில்லை என்ற காரணத்தால் 2021-இல் அம்முறையீடு ஏற்கப்படவில்லை. ஆயினும் ஒரு நாட்டின் புகை எல்லை தாண்டி இழைக்கும் தீங்கிற்கு அந்நாடு பொறுப்பாகக்கூடும் என்பதைக் குழு ஒப்புக்கொண்டது.

நம் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசியல் சட்டத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கியுள்ளது என்று தீர்ப்பளித்தது. கடல்மட்டம் உயரும்போது லட்சத்தீவில் வாழ்பவர் மத்தியப் பிரதேசத்தில் வாழ்பவரைவிட இழப்புக்கு உள்ளாவார் என்பதைச் சமத்துவத்தின் கேள்வியாகவே நீதிமன்றம் கண்டது. அதே தர்க்கம் ஹட் பேக்கும் பொருந்தும். அதனை ஒரு படி நீட்டினால், ஒரே வீட்டினுள் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே உள்ள வேறுபாட்டிற்கும் பொருந்தும்.

இனிச் செய்யத்தக்கவை

பெரிய கடற்சுவர்கள் கட்டுவதைப் பற்றிப் பலர் பேசுகின்றனர். அவற்றின் பயன் ஒருபுறம் இருக்க, ஹட் பே போன்ற இடத்தில் செலவு குறைந்த சில பணிகள் உடனே தொடங்கத்தக்கவை. பள்ளிக் கூரையின் மழைநீரைத் தொட்டியில் தேக்குவது அவற்றுள் முதன்மையானது. 3000 மில்லிமீட்டர் மழையில் 100 சதுர மீட்டர் கூரை ஆண்டுக்கு மூன்று லட்சம் லிட்டர் நீரைப் பெறும். அதில் ஐந்திலொரு பங்கைக் காத்தாலும் வறண்ட மூன்று மாதங்களில் நாள்தோறும் 600 லிட்டருக்கு மேல் கிடைக்கும். சிறுமி பள்ளிக்கு வரும்போது காலிக் குடத்துடன் வந்து நிறைகுடத்துடன் திரும்பலாம் என்றால், அவளைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டாருக்கு ஒரு காரணம் கூடுகிறது. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மதிய உணவுத் திட்டமும் இதே தத்துவத்தில்தான் வெற்றி கண்டது.

நீச்சலைப் பெண் குழந்தைகளுக்கும் கட்டாயமான உடற்பயிற்சிப் பாடமாக்குதல், பயிற்சி பெற்ற ஆசிரியையைக் கொண்டு, இயலும். புயல் புகலிடங்களில் தாழ்ப்பாளுள்ள கழிப்பறைகளைப் பெண்களுக்கெனத் தனியே அமைப்பதற்கு வேண்டியது வரைபடத்தில் ஒரு திருத்தமே. ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையமும் வானிலைத் துறையும் அனுப்பும் செய்தி, தீவின் கடைசிக் குடியிருப்பில் ஆண் எவரும் வீட்டில் இல்லாத நேரத்தில் யாரிடம் போய்ச்சேரும் என்பதை ஊராட்சி அளவில் ஒத்திகை நடத்தி அறியவேண்டும்.

இவை எல்லாவற்றிற்கும் முன்னதாகத் தேவைப்படுவது ஒரு கணக்கேடு. பள்ளிகளில் வருகைப் பதிவேடு ஏற்கெனவே உள்ளது. அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் மாணவியர், மாணவர் வருகையைத் தனித்தனியே கூட்டி, அதன் அருகில் அம்மாதத்தின் மழையளவையும், குடிநீர் வழங்கப்பட்ட நாட்களையும், ரத்தான கப்பல்களின் எண்ணிக்கையையும் எழுதிவைக்க ஓர் ஆசிரியருக்கு மாதத்தில் அரைநாள் போதும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகள் இப்படி எழுதிவந்தால், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான பக்கங்களில் மாணவியர் வரிசை எவ்வளவு மெலிகிறது என்பதை எந்த அலுவலரும் ஒரே பார்வையில் காணலாம். அடுத்த நிதியாண்டின் குடிநீர்த் திட்டத்தை எந்தக் குடியிருப்பில் முதலில் தொடங்குவது என்பதையும் அந்த ஏட்டைக் கொண்டே முடிவு செய்யலாம்.